பால்கார அண்ணாவும் நாலு பாட்டிலும்: பால் கலப்படத்தை அரசு எப்படிப் பிடிக்கிறது?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். சில இடங்களில் பேச்சு நடை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த வாரம் எபிசோடை ஒரு குற்ற ஒப்புதலோட ஆரம்பிக்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு மனுஷனை நான் தப்பா குற்றம் சாட்டினேன். அதுவும் ஒரு வாட்ஸ்அப் வீடியோவை நம்பி.

எங்க அப்பா அம்மா இருக்கிறது கும்பகோணம் பக்கம். பதினெட்டு வருஷமா ஒரே பால்காரர். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ரெண்டு பக்கமும் கேன் தொங்க, காலை அஞ்சரைக்கெல்லாம் வாசல்ல ஹார்ன் அடிப்பார். நான் டிப்பன் பாக்ஸ் தூக்கிட்டு ஸ்கூலுக்குப் போன காலத்திலிருந்து அவரைத் தெரியும். அப்போ அக்கா தன்னோட ஒரு வயசுக் குழந்தையோட வீட்டுக்கு வந்திருந்தாள். குடும்ப குரூப்புல ஒரு வீடியோ வந்தது. பாலை ஒரு பாட்டிலில் ஊற்றிக் குலுக்குங்க, நுரை நின்னா அதுல டிடர்ஜென்ட் இருக்குன்னு.

நானும் குலுக்கினேன். நுரை நின்றது. மறுநாள் காலையில் வாசலிலேயே கேட்டுட்டேன்: "என்னண்ணா, பால்ல சோப்பு கலக்குறீங்களா?" அவர் கேனைக் கீழே வெச்சார். "தண்ணி ஊத்தினேன்னு சொல்லு தம்பி, சண்டை போட மாட்டேன். வெயில் காலத்துல மாடு கம்மியா கறக்கும், ஒண்ணு ரெண்டு நாள் நடந்திருக்கும். குழந்தை குடிக்கிற பால்ல சோப்பு போட்டேன்னு சொல்லாத." அவ்வளவுதான். அன்றைக்கு ஊற்றிவிட்டுப் போனவர், அடுத்த நாள் வரவில்லை. அதற்குப் பிறகு எங்க வீட்டில் பாக்கெட் பால்தான்.

அவர் சொன்ன அந்த வாக்கியம் ரொம்ப நாள் மண்டைக்குள்ளேயே ஓடிக்கிட்டு இருந்தது. இந்த எபிசோடுக்காக உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, அவர் சொன்ன வித்தியாசத்தைத்தான் சட்டமும் சொல்லுதுன்னு.

தண்ணி வேற, சோப்பு வேற

இந்தியாவில் இப்போ அமலில் இருக்கிறது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம். 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னாடி 1954-இல் வந்த உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இருந்தது. புதுச் சட்டத்தை நடத்துகிற மத்திய அமைப்புதான் எஃப்எஸ்எஸ்ஏஐ. பால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தா 14 இலக்க லைசென்ஸ் எண் இருக்குமே, அது இவங்க கொடுக்கிறதுதான்.

இந்தச் சட்டத்தில் பிடிபட்ட பால் முக்கியமா ரெண்டு பெட்டிகளில் ஒன்றில் விழும். முதல் பெட்டி "தரம் குறைந்தது". பாலுக்கு எழுதப்பட்ட அளவுகள் இருக்கு. நீல பாக்கெட் சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், பச்சை பாக்கெட்டில் 4.5, ஆரஞ்சு பாக்கெட்டில் 6 இருக்கணும். கொழுப்பு இல்லாத மற்ற திடப்பொருளை எஸ்என்எஃப் என்பார்கள். அதற்கும் தனி அளவு உண்டு. தண்ணீர் சேர்த்தா இந்த எண்கள் இறங்கும். அப்படி இறங்கின பால் உங்களை ஏமாற்றுகிற பால். ஆனா அதனாலேயே அது உடம்புக்குக் கெடுதல்னு சட்டம் சொல்லவில்லை. இதுக்கு ஜெயில் கிடையாது. 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். விசாரிப்பதும் கோர்ட் இல்லை. கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஒரு அதிகாரி.

ரெண்டாவது பெட்டி "பாதுகாப்பற்றது". டிடர்ஜென்ட், அளவுக்கு மீறிய யூரியா மாதிரி விஷயங்கள் இதுல வரும். இது குற்ற வழக்கு. யாருக்கும் பாதிப்பு வராவிட்டாலும் சிறைத் தண்டனை உண்டு. 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் திருத்தத்துக்கு முன்னாடி அது 6 மாதம் வரை, அபராதம் 1 லட்சம் வரை. இப்போ 3 மாதம் வரை, அபராதம் 3 லட்சம் வரை. அந்த உணவால் உயிர் போனால், குறைந்தது 7 வருஷம்; ஆயுள் தண்டனை வரை போகலாம்.

டிவியில் "கலப்படப் பால்" என்று ஒரே வார்த்தையில் ரெண்டையும் போட்டுக் குழப்பிடுறாங்க. அண்ணா அன்றைக்கு முதல் பெட்டியை ஒத்துக்கிட்டார். நான் அவரை ரெண்டாவது பெட்டியில் தள்ளினேன்.

டெஸ்ட்டை ஹேக் பண்றது

சரி, பாலில் யாராவது ஏன் யூரியா போடணும்? இது நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு ஈஸியா புரியும். டெஸ்ட் கேஸ் பாஸ் ஆகணும் என்பதற்காக மட்டும் கோடு எழுதுவோம் இல்லையா? அதேதான்.

பால் சொசைட்டியில் பழைய, மலிவான டெஸ்ட் லாக்டோமீட்டர். அது அளப்பது அடர்த்தியை மட்டும். நல்ல பாலின் அடர்த்தி சுமார் 1.028-லிருந்து 1.032 வரை இருக்கும். தண்ணீர் சேர்த்தா இறங்கும். நம்ம கும்பகோணம் டிகிரி காபிக்குப் பெயர் வந்ததே இந்த லாக்டோமீட்டர் டிகிரியால்தான்னு ஒரு கதைகூட உண்டு. ஆனா பாலிலிருந்து கொழுப்பை எடுத்தா அடர்த்தி ஏறும். தண்ணீர் சேர்த்தா இறங்கும். ரெண்டையும் சேர்த்துப் பண்ணினா, மீட்டர் "எல்லாம் ஓகே"ன்னு காட்டும். இறங்கின அடர்த்தியை ஏற்றத்தான் சர்க்கரை, உப்பு, மாவு, யூரியா எல்லாம் உள்ளே வருது. பால் புளித்தா அதை மறைக்கச் சோடா வகையறா. கெடாமல் வைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு. ஒவ்வொரு கலப்படத்துக்குப் பின்னாலும் ஏமாற்ற வேண்டிய ஒரு டெஸ்ட் இருக்கு.

இதோட உச்சம் 2008-இல் சீனாவில் நடந்தது. அங்கே பாலில் புரதத்தை நேரடியாக அளக்காமல், நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிட்டார்கள். மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் ரசாயனத்தில் நைட்ரஜன் ஏராளம். தண்ணீர் கலந்த பாலில் அதைப் போட்டால் புரத எண் ஏறிவிடும். அந்தப் பால் குழந்தைகளுக்கான பால் பவுடரா மாறியது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளானார்கள். 6 குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பால் பவுடர் தன்னைச் சோதித்த டெஸ்ட்டைப் பாஸ் பண்ணியிருந்தது. அதுதான் பயமே.

நம்ம ஊரிலும் ஒரு சம்பவம். 2014-இல் திண்டிவனம் பக்கத்தில், ஆவினுக்குப் பால் ஏற்றிப்போன டேங்கர் லாரியிலிருந்து பாலை எடுத்துவிட்டு, அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றியது பிடிபட்டது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இங்கே கறந்த இடத்தில் பால் சரி, சேர்ந்த இடத்தில் டெஸ்ட்டும் இருக்கு. ஓட்டை நடுவழியில். ஆக, எதை அளக்கிறோம் என்பது ஒரு கேள்வின்னா, அந்தப் பொருள் கைமாறும் வழி முழுக்க சீல் இருக்கா என்பது இன்னொரு கேள்வி.

ரெய்டு வீடியோவில் காட்டாத நாலு பாட்டில்

இந்த சீல் விஷயம்தான் அரசு நடவடிக்கையோட உயிர். யூடியூபில் நாம் பார்க்கிற ரெய்டில் என்ன நடக்கும்? அதிகாரிகள் வருவாங்க, கேன் கேனா பாலைச் சாக்கடையில் கொட்டுவாங்க, பின்னணியில் திகில் மியூசிக். பார்க்க நிறைவா இருக்கும். மனிதர் சாப்பிடத் தகாத, கெட்டுப்போகிற பொருளை நோட்டீஸ் கொடுத்து அழிக்கச் சட்டத்தில் இடமும் இருக்கு. ஆனா முறையா சாம்பிள் எடுக்காமல் கொட்டிவிட்டால், கொட்டினது ஆதாரம்தான். நாளைக்கு கோர்ட்டில் காட்ட ஒரு சொட்டு மிஞ்சாது.

சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிற வழி வேற. உணவுப் பாதுகாப்பு அலுவலர், பாலைச் சோதனைக்கு எடுக்கிறேன் என்று விற்பவரிடம் எழுத்தில் சொல்லணும். எடுத்த சாம்பிளை நாலு பாகமா பிரிக்கணும். ஒவ்வொன்றையும் சீல் வெச்சு, விற்பவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கணும். பால் சீக்கிரம் கெடும் என்பதால், ரசாயனப் பரிசோதனைக்குப் போகிற பாட்டிலில் ஃபார்மலின் சில துளி விடுவார்கள்.

முதல் பாட்டில் அரசு உணவுப் பகுப்பாய்வாளருக்கு. ரெண்டு பாட்டில் மாவட்டத்தில் இருக்கிற நியமன அலுவலரிடம் பத்திரமா இருக்கும். நாலாவது பாட்டில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அது விற்பவருக்கானது. அவர் கேட்டால், அதை அங்கீகாரம் பெற்ற வேறொரு லேபுக்கு அனுப்பணும். ரெண்டு லேப் முடிவும் முரண்பட்டால், பத்திரமா வெச்ச ஒரு பாட்டில் மேல்முறையீட்டு லேபுக்குப் போகும். அந்த முடிவே இறுதி.

பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை கொடுக்கணும். அறிக்கையில் சம்மதம் இல்லைன்னா, விற்பவர் 30 நாளில் அப்பீல் பண்ணலாம். இந்தத் தேதிகளும் கையெழுத்துகளும் வெறும் பேப்பர் வேலை மாதிரி தெரியும். ஆனா சாம்பிளைச் சட்டப்படி பிரிக்கல, அறிக்கை நாள் கடந்து வந்தது, லேபுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்றெல்லாம் சொல்லி நீதிமன்றங்களில் விழுந்த வழக்குகள் நிறைய. பால் மோசமா இருந்திருக்கலாம். ஆனா பாட்டிலில் கையெழுத்து இல்லை. நம்ம பாஷையில் சொன்னா, பக் நிஜம். ஆனா லாக் இல்லை, திரும்ப நடத்திக் காட்ட முடியல, டிக்கெட் க்ளோஸ்.

தண்டனையைக் கூட்டணும், தூக்கில் போடணும்னு கமென்ட்டில் எழுதுறவங்களுக்கு என் பதில் இதுதான். 2016-இல் உச்ச நீதிமன்றமே பால் கலப்பட வழக்கு ஒன்றில், இதற்கான தண்டனை போதாது, திருத்துங்கன்னு சொல்லியிருக்கு. அது சரிதான். ஆனா காகிதத்தில் இருக்கிற ஆயுள் தண்டனையைவிட, ஒழுங்கா சீல் வெச்ச நாலு பாட்டிலுக்குக் கலப்படக்காரன் அதிகம் பயப்படுவான்.

அமைச்சரும் அதையே செய்தார்

நான் வாசலில் பண்ணினதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டின ஒரு சம்பவம் 2017-இல் நம்ம மாநிலத்திலேயே இருக்கு. அப்போதைய பால்வளத்துறை அமைச்சர் ராஜேந்திர பாலாஜி, தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறார்கள், புற்றுநோய் வரும் என்று பேசினார். மாநிலம் முழுக்கப் பீதி. மூன்று தனியார் பால் நிறுவனங்கள் மான நஷ்ட வழக்குப் போட்டன. ஆதாரம் இல்லாமல் இப்படிப் பேசக்கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

கவனிங்க, இது அந்த நிறுவனங்களோட பால் சுத்தம்னு கோர்ட் கொடுத்த சர்டிபிகேட் இல்லை. பேச்சுக்கு முன்னாடி அறிக்கை வரணும் என்பதுதான் விஷயம். லேபும் அதிகாரிகளும் கையில் இருக்கிற அரசின் அமைச்சரே மைக் முன்னால் முதலில் பேசினால், மக்கள் பயந்ததுதான் மிச்சம்.

சர்வே சொன்ன சங்கதி

அப்போ நிஜமா எவ்வளவு கலப்படம்? 2011-இல் எஃப்எஸ்எஸ்ஏஐ எடுத்த சர்வேயில் 1,791 சாம்பிள், 68.4 சதவீதம் தர அளவுகளுக்குப் பொருந்தவில்லை. இந்த எண்தான் இன்னைக்கும் "மூணுல ரெண்டு பங்கு பால் விஷம்"னு சுத்திக்கிட்டு இருக்கு. அதில் பெரும்பகுதி முதல் பெட்டி: தண்ணீர், பால் பவுடர், குறைந்த கொழுப்பு. கூடவே, 2025-க்குள் 87 சதவீத இந்தியர்களுக்குப் புற்றுநோய் வரும்னு உலக சுகாதார நிறுவனம் எச்சரித்ததாக ஒரு ஃபார்வர்டு. அப்படி ஒரு எச்சரிக்கையே வரவில்லைன்னு அரசு மறுத்துவிட்டது. ஃபார்வர்டு மட்டும் நிற்கவில்லை.

2018-இல் இன்னும் பெரிய சர்வே. 1,103 ஊர்களிலிருந்து 6,432 சாம்பிள். கலப்படத்தால் பாதுகாப்பற்றதுன்னு வந்தவை எத்தனை தெரியுமா? 12. பன்னிரண்டே பன்னிரண்டு. அதில் டிடர்ஜென்ட் இருந்தது 3 சாம்பிளில்தான். தர அளவில் ஏதோ ஒன்றில் குறைந்தவை சுமார் 41 சதவீதம். தண்ணிப் பிரச்சினை நிஜம். சோப்புக் கதை ரொம்ப அரிது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. ரெய்டில் எடுக்கிற சாம்பிள் சந்தேகத்தின் பேரில் எடுப்பது. அதனால் அதில் ஃபெயில் ஆகிற சதவீதம் இயல்பாவே கூடும். ஊர் முழுக்கப் பரவலா எடுக்கிற சர்வே வேற. செய்தியில் "இத்தனை சதவீதம் கலப்படம்"னு வந்தா, முதல்ல சாம்பிள் எப்படி எடுத்தாங்கன்னு கேளுங்க.

வில்லன் இல்லாத விஷம்

அதே 2018 சர்வேயில் யாரும் பேசாத ஒரு எண் இருக்கு. 368 சாம்பிள்களில், அதாவது 5.7 சதவீதத்தில், அஃப்லாடாக்சின் எம்1 அனுமதித்த அளவைத் தாண்டி இருந்தது. கலப்படத்தைவிட முப்பது மடங்கு அதிகம். மாநில வரிசையில் தமிழ்நாடு முதலிடம்: 551 சாம்பிளில் 88. 77 சாம்பிளில் மாட்டுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கின் மிச்சம் அளவுக்கு மேல்.

அஃப்லாடாக்சின் யாரும் கலக்கிறது இல்லை. ஈரத்தில் வைத்த கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் இதிலெல்லாம் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் நச்சை மாடு சாப்பிட, கல்லீரலில் அது உருமாறிப் பாலில் இறங்கும். மனிதக் கல்லீரலுக்குக் கெடுதல். வாசனை இல்லை, நுரை இல்லை, லாக்டோமீட்டர் அசையாது. காய்ச்சினாலும் போகாது. கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் அதிகமா இருந்ததுன்னு அந்த சர்வே சொன்னது. அண்ணாவை நிறுத்திட்டு பாக்கெட்டுக்கு மாறின நான் இதைப் படிச்சப்ப என் முகம் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

இதைப் பிடிக்க ரெய்டால் முடியுமா? கஷ்டம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் விவசாயிக்கும் பண்ணை வேலைக்கும் பொருந்தாதுன்னு 18-ஆம் பிரிவே சொல்லுது. சிறு விவசாயியைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனா விஷம் ஆரம்பிக்கிற இடம் மாட்டுக்கொட்டகை. அலுவலரோட அதிகாரம் பால் வியாபாரத்தில்தான் ஆரம்பிக்குது. தீவனத்தைக் காய வைக்கிற இடம், பிண்ணாக்கு மூட்டையை ஈரமில்லாமல் வைக்க ஒரு ஷெட், கொள்முதல் நிலையத்தில் ஒரு டெஸ்ட் கிட் இதெல்லாம்தான் மருந்து. இதுல கைது இல்லை, திகில் மியூசிக் இல்லை. அதனால வீடியோவும் இல்லை.

அப்போ நாம என்ன பண்ணலாம்?

வீட்டு டெஸ்ட்டைக் கிண்டல் பண்ணல. எஃப்எஸ்எஸ்ஏஐயே சில எளிய முறைகளை வெளியிட்டிருக்கு. டிடர்ஜென்ட் டெஸ்ட்டில் பாலோடு அதே அளவு தண்ணீர் சேர்த்துக் குலுக்கணும். நல்ல பாலிலும் மெல்லிய நுரை வரும், அடர்த்தியான நுரை வந்தால்தான் சந்தேகம். நான் தண்ணீரே சேர்க்கல. அதைவிடக் கொடுமை, அந்த பாட்டிலை அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டுக் கழுவியிருந்தேன். ஆமாம். சிரிங்க, பரவாயில்லை.

வீட்டு டெஸ்ட் சந்தேகத்தை எழுப்ப மட்டும்தான். தீர்ப்பு சொல்ல இல்லை. சந்தேகம் வந்தால் மூணு வழி இருக்கு. ஒண்ணு, எஃப்எஸ்எஸ்ஏஐயோட ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்பில் புகார் போடலாம். பாக்கெட்டின் 14 இலக்க எண்ணும் பேட்ச் விவரமும் சேர்த்துப் போடுங்க. ரெண்டு, உங்க மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். மூணாவது பலருக்குத் தெரியாது: 40-ஆம் பிரிவின்படி, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனை செய்யச் சொல்லலாம். எடுக்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிடணும். தப்பு உறுதியானால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

"எடுக்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிடணும்." அந்த வரியைத்தான் நான் அன்றைக்குச் செய்யல. முன்கூட்டி சொல்லியிருந்தா, "எடுத்துக்க தம்பி, டெஸ்ட் பண்ணிட்டு வா"ன்னு அண்ணாவே ஊத்திக் கொடுத்திருப்பார். அவருக்கான நாலாவது பாட்டிலை நான் கொடுக்கவே இல்லை.

போன வாரம் அம்மாகிட்ட நம்பர் வாங்கி அவருக்குப் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன், பாட்டில் கழுவின கதை உட்பட. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அக்கா குழந்தை எப்படி இருக்கு?"ன்னு கேட்டார். அவ்வளவுதான் பேசினோம். அடுத்த மாசம் ஊருக்குப் போறேன்; நேர்ல போய் பார்க்கணும். திரும்ப பால் ஊத்துவாரான்னு தெரியல. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

உங்க வீட்டில் பாலை எப்படி செக் பண்றீங்க, புகார் கொடுத்த அனுபவம் இருந்தா அது என்ன ஆச்சுன்னு எழுதி அனுப்புங்க. ரெய்டு வீடியோ வேண்டாம். அறிக்கை வந்ததா, எத்தனை நாளில் வந்ததுன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.